கிளிப் கழற்றிய பல்லில் வெள்ளைத் திட்டு: ஒரு வைத்திய வரலாறு

சென்ற கூடுகையின்போது மதியப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவன், பேட்டையில் நம் கல்லூரியில் என்னோடு பி.யூ.சி. படித்தவன். பெயர் வேண்டாம். இலையில் அல்வா விழுந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"ஏல, நீ பல் டாக்டர்தானே, ஒண்ணு கேக்கணும். பேத்திக்கு ரெண்டு வருசமா கிளிப் போட்டிருந்தோம். வரிசை நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா கழட்டின அன்னைக்குப் பாத்தா முன்பல்லு பூரா சுண்ணாம்பு தடவின மாதிரி திட்டுத் திட்டா வெள்ளை. பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டே பேசுதா. இதுக்கா இவ்வளவு ரூவா கொட்டினோம்னு அவ அம்மைக்கு ஒரே அழுகை. ஒரு டாக்டர், நாலு பல்லையும் ராவி உறை போட்டுரலாம்ங்காரு. போட்டுரலாமா?"

"போடாத. கொஞ்சம் பொறு" என்றேன். பந்தியில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மலர்க்குழுவினர் 'உங்கள் துறையிலிருந்து வரலாறாக ஒரு கட்டுரை' என்று கேட்டதும், அன்று பாதியில் விட்ட பதிலையே எழுதித் தரலாம் என்று தோன்றியது. பதினாறு வயதுப் பெண்ணின் பல்லை ராவினால், ராவியது ராவியதுதான். எனாமல் மறுபடி முளைக்காது. அந்த உறையைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொரு முறையாவது மாற்றிக்கொண்டே அவள் காலம் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே 'பொறு' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்வது என் கடமையாகிறது.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று பார்ப்போம். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயில் சலவைக்கல் துண்டைப் போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் பொங்கும். எல்லாரும் செய்திருப்பீர்கள். எனாமலும் ஒருவகைக் கல்தான். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். வாயில் நாம் யாரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக்கொள்வதில்லை. ஆனால் பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கரைவதும் மேலிருந்து கீழாகப் பள்ளம் விழுகிற மாதிரி அல்ல. மேல்தோல் அநேகமாக அப்படியே நிற்க, அதன் அடியில் கனிமம் போய் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. கரையான் அரித்த கதவு வெளியே பார்க்க முழுசாக இருக்கும் அல்லவா, அது போல.

அப்படியானால் அது ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62. துளைகளில் நிறைந்திருக்கும் தண்ணீருக்கு 1.33. பல் காய்ந்துவிட்டால் துளையில் காற்று, அதற்கு 1.00. வித்தியாசம் கூடக்கூட ஒளி சிதறும், சிதறினால் வெள்ளை. அதனால்தான் நாங்கள் பல்லைக் காற்றடித்து உலர்த்திப் பார்க்கிறோம். ஈரத்தில் மறைந்திருக்கும் ஆரம்பத் திட்டு, காய்ந்ததும் எழுந்து நிற்கும். ஆக இந்தத் திட்டு பல்லின் மேலே ஒட்டிய கறை அல்ல, உள்ளே ஏற்பட்ட வெற்றிடம். உப்பும் உமிக்கரியும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் வெற்றிடம் போகாது. மிச்சமிருக்கும் மேல்தோல்தான் தேயும். இந்த உண்மை தெரியவர வைத்தியத் துறைக்கே ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று.

கதை அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் தொடங்குகிறது. 1901-இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அங்கே தொழில் செய்ய வந்தார். ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையும் அதன் மேல் பழுப்புக் கறையும். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெக்கே விடவில்லை. அந்தக் காலத்தில் பல் மருத்துவத்தின் பிதாமகர் என்று கருதப்பட்ட ஜி.வி. பிளாக் 1909-இல் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1915-இல் இறக்கும்வரை அதில் ஈடுபட்டிருந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று மெக்கேக்குச் சந்தேகம். அது என்ன என்று 1931-இல் அலுமினியக் கம்பெனி ஒன்றின் தலைமை வேதியியலர் எச்.வி. சர்ச்சில் கண்டு சொன்னார்: ஃபுளோரைடு. ஆனால் இந்தக் கறைபட்ட பல் அவ்வளவாகச் சொத்தையாவதில்லை என்பதையும் மெக்கேயும் பிளாக்கும் கவனித்திருந்தார்கள். அந்த ஒரு கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்று நம் பற்பசைக் குழாயில் இருக்கும் ஃபுளோரைடு.

நம் பக்கத்துக்கு வருவோம். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெடும் நோயை ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 'இந்தியன் மெடிக்கல் கெசட்'டில் எழுதினார்கள். இந்தியாவில் ஃபுளோரைடு நோய்க்கு எழுதப்பட்ட முதல் சாட்சியம் என்று அதைத்தான் சொல்வது வழக்கம். (இதே ஷார்ட்தான் 1948-இல் மலேரியாக் கிருமி மனித ஈரலில் ஒளிந்து வளர்வதைக் கண்டுபிடித்தவர். பண்டிட் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்குப் போனார்.) தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கஷ்டம் நெடுங்காலம் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' என்று வைத்து, ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி, 2013-இல் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளின் பல் ஆச்சரியமாகத்தான் இருக்கும். பாறைக்குள் நெடுநாள் கிடந்து வரும் நிலத்தடி நீரில்தான் ஃபுளோரைடு ஏறும். மலையில் பெய்து ஆற்றோடு ஓடிவரும் நீரில் அது குறைவு.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் நண்பன் மனைவி பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னது இது: "அண்ணாச்சி, இது கிளிப்பால வந்தது இல்லை. மகன் தர்மபுரியில வேலையா இருந்தான்லா, அங்க குடிச்ச போர் தண்ணிதான்." நியாயமான சந்தேகம். இரண்டு திட்டும் வெள்ளைதான். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தப்பான வைத்தியம் நடப்பதும் உண்டு. "எந்த வயசில அங்க போனாங்க?" என்று கேட்டேன். பேத்திக்கு ஒன்பது வயதில் போயிருக்கிறார்கள். நிரந்தர முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு குடித்த தண்ணீர் அந்தப் பல்லில் திட்டு போட முடியாது.

மறுநாள் பிள்ளையை நேரில் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. சுவரில் ரொம்ப நாள் தொங்கிய காலண்டரை எடுத்தால் அந்த இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருக்குமே, அதுபோல ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பிராக்கெட் ஒட்டியிருந்த சதுரம் கண்ணாடிபோல நன்றாக இருக்கிறது. அதைச் சுற்றி, முக்கியமாக ஈறுப் பக்கம், பிறை வடிவில் வெள்ளை. தண்ணீரால் வந்தது என்றால் இடமும் வலமும் ஜோடி ஜோடியாக, பல் முழுக்கக் கோடும் மேகமுமாக, பல் முளைத்த நாள் முதலே இருந்திருக்கும்.

கிளிப் வைத்தியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் பல் வரிசைக் கோளாறுகளை வகை பிரித்தது முதல் அது தனித் துறையாயிற்று. அப்போதெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி மோதிரம்போல ஒரு தகட்டுப் பட்டை மாட்டி, அதில்தான் கம்பியைச் செலுத்துவார்கள். 1955-இல் மைக்கேல் புவனகோர் என்பவர், எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிளாஸ்டிக் நன்றாக ஒட்டுகிறது என்று காட்டினார். பத்து வருஷம் கழித்து ஜார்ஜ் நியூமன், பட்டை இல்லாமல் பிராக்கெட்டை நேரே பல்லில் ஒட்டும் முறையைப் பிரசுரித்தார். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் நான் எழுபதுகளில் படித்தபோது பட்டையைத்தான் முதலில் மாட்டக் கற்றுத் தந்தார்கள். பட்டை தளர்ந்து அதற்கடியில் அழுக்கு புகுந்தால் திட்டு விழும். ஒட்டு பிராக்கெட் வந்தால் அது ஒழியும் என்று நம்பினோம். ஒழியவில்லை. 1982-இல் கோரெலிக் என்பவரும் அவர் குழுவினரும் கிளிப் போட்டவர்களைக் கணக்கெடுத்ததில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு பல்லிலாவது வெள்ளைத் திட்டு இருந்தது. 1988-இல் நார்வேயின் ஓகார்ட் இன்னொன்று காட்டினார். எடுக்கப்போகிற கடைவாய் முன்பற்களில் அழுக்கு சேரும்படி வேண்டுமென்றே பட்டை மாட்டினார். நாலே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் திட்டு! கிளிப் இறுக்க மாதம் ஒரு முறை டாக்டரிடம் போகிறோம் அல்லவா, அந்த இடைவெளிதான்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு பாதை. ஒன்று சுரண்டுகிற பாதை. கொலராடோ ஸ்பிரிங்ஸிலேயே வால்டர் கேன் என்ற மருத்துவர் 1916 வாக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தடவிச் சூடேற்றிக் கறையை எடுத்தார். நம் சோதனைக் குழாயில் இருந்த அதே அமிலம்தான். துணிச்சல்காரர். அந்த முறை மறைந்து, 1984-இல் மெக்குளோஸ்கி என்பவர் எழுதியதால் 18 சதவீத அமிலமாக மறுபடி வெளியே வந்தது. 1986-இல் தியோடர் குரோல் அதோடு பியூமிஸ் கல்பொடியைச் சேர்த்து மைக்ரோ அப்ரேஷன் என்று ஒழுங்குபடுத்தினார். இன்று அமிலம் இன்னும் வலுக்குறைந்தது, போகும் எனாமலும் மில்லிமீட்டரில் சிறு பங்குதான். மேலோட்டமான திட்டுக்கும் பழுப்பேறியதற்கும் அது நல்ல வைத்தியம்.

இன்னொன்று திருப்பிக் கட்டுகிற பாதை. 1912-இலேயே ஜோசப் ஹெட் என்ற அமெரிக்கர், அமிலத்தில் மெத்தென்றாகிய எனாமல் எச்சிலில் கிடந்தால் மறுபடி கெட்டிப்படுகிறது என்று எழுதினார். அதிகம் பேர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1966-இல், ஹாலந்தின் பாக்கர் டிர்க்ஸ் ஒரு கணக்கு வெளியிட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளின் கடைவாய்ப்பல்லில் 72 வெள்ளைத் திட்டுகளைக் குறித்துவைத்து, ஏழு வருஷம் கழித்து அதே பற்களைப் பார்த்திருக்கிறார். 37 திட்டுகள் காணாமலே போயிருந்தன. 26 அப்படியே. சொத்தையானவை 9 மட்டும். 1970-இல் ஸ்காண்டிநேவியாவில் ஃபான் டெர் ஃபேர், லோ, தைலேட் மூவரும் செய்த சோதனை இன்னும் விசித்திரம். மாணவர்களைப் பல் தேய்க்கவிடாமல், தினம் ஒன்பது தடவை சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். 23 நாளில் திட்டு வந்தது. பிறகு ஒழுங்காகத் தேய்த்து ஃபுளோரைடு கொப்பளித்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி வாங்குவது கடினம். ஆனால் 'பொறு' என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இந்த இரண்டு கணக்கும்தான்.

இதெல்லாம் நான் படித்து முடிப்பதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டவை என்பதுதான் எனக்கு உறுத்தல். 1983-இல் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். கிளிப் கழற்றிய பல், இதே பிறைத் திட்டு. 'மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமுன் சரி பண்ணிருங்க டாக்டர்' என்றார்கள். டிரில்லை எடுத்துத் திட்டைக் குடைந்து, அப்போது புதிதாக வந்திருந்த கலவைப் பசையை வைத்து அடைத்தேன். போட்டோவில் அழகாகத்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பசை இரண்டு பாகத்தைக் குழைத்து இறுகவைப்பது. சில வருஷத்தில் மஞ்சளாகும். ஆயிற்று. எடுத்து மறுபடி வைத்தேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பள்ளம் கொஞ்சம் பெரிதாகும். இதுவரை மூன்று முறை மாற்றியாயிற்று. அந்த அம்மாள் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. குடைந்தது நான்தான் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு தவறும் செய்தேன். கிளிப் கழற்றிய அன்றே அதிக வலுவுள்ள ஃபுளோரைடை முன்பல்லில் பூசி அனுப்புவது. நல்லதுதானே என்று நினைத்தோம். அது மேல்தோலை மட்டும் இறுக்கி மூடிவிடும். உள்ளே எச்சிலின் கால்சியம் போக வழி அடைபட்டு, திட்டு அப்படியே வெள்ளையாக நிலைத்துவிடும். சொத்தையாகாது, உண்மை. ஆனால் மறையவும் மறையாது. ஓகார்ட் போன்றவர்கள் எச்சரித்த பிறகுதான் அதை நிறுத்தினேன். ஆகவே முன்பல்லில் தெரியும் திட்டுக்கு முதல் சில மாதம் சாதாரண ஃபுளோரைடு பற்பசை போதும்.

பாலிலிருந்தும் ஒரு மருந்து வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் எரிக் ரெனால்ட்ஸ் என்பவர் பால் புரதமான கேசினிலிருந்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பசையாக விற்கிறது. பல் தேய்த்தபின் தடவிக்கொள்ளலாம். பால் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. சாதாரணப் பற்பசையோடு ஒப்பிட்டால் கூடுதல் பலன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நான் தடுப்பதில்லை, வற்புறுத்துவதும் இல்லை.

பெர்லினில் பாரிஸ், மேயர்-லூக்கல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வளர்த்து 2009-இல் கடைக்கு வந்த முறைதான் என்னை நிஜமாக வியக்கவைத்தது. அல்வா பொட்டலத்தைப் பிரித்திருப்பீர்கள். நெய் ஊறிய இடத்தில் காகிதம் கண்ணாடிபோல ஆகிவிடும், கீழே உள்ள எழுத்துகூடத் தெரியும். காகிதத்தின் நாருக்கு இடையே இருந்த காற்றை விரட்டிவிட்டு நெய் உட்கார்ந்துகொண்டது, ஒளி சிதறவில்லை. அதே தத்துவம்தான். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலக் களிம்பை இரண்டு நிமிடம் வைத்து மேல்தோலைத் திறந்து, கழுவி, ஆல்கஹாலால் உள்ஈரத்தைப் போக்கி, தண்ணீர்போல் மெல்லிய ரெசினை ஊற விடுகிறார்கள். துளைக்குள் அது தானே உறிஞ்சப்படும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, எனாமலுக்குப் பக்கத்தில். நீல ஒளி காட்டி இறுகவைத்தால் திட்டு கண்ணுக்கு மறைகிறது. டிரில் இல்லை, ஊசி இல்லை. கேன் 1916-இல் சூடேற்றித் தடவிய அமிலமும் திருப்பிக் கட்டுகிறவர்களின் பொறுமையும் இங்கே ஒன்று சேர்ந்துவிட்டன. எல்லாத் திட்டும் முழுக்க மறையும் என்று சொல்ல மாட்டேன். ஆழமானதும் பழையதும் பாதிதான் மங்கும்.

நிற்க. இப்போது கிளிப் மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஹாஸ்டல் பையில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கட்டும். கம்பிக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, ஈறு ஓரமாக ஒரு தடவை என்று தேய்க்க வேண்டும். கேன்டீனில் சாப்பிட்டால் தண்ணீர் ஊற்றிக் கொப்பளியுங்கள். நம் ஊர் அல்வாவை விட்டுவிடச் சொன்னால் யார் கேட்கப் போகிறீர்கள்? சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கொப்பளியுங்கள். சாயங்காலம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தின்பதுதான் பல்லுக்குக் கெடுதல். ஈறு வீங்கி, கிளிப் மேல் மாவு மாதிரிப் படிந்திருந்தால், அடுத்த மாத முறைவரை காத்திராமல் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

என் நண்பன் பேத்திக்கு ஆறு மாதம் எந்த வைத்தியமும் செய்யவில்லை. தேய்க்கிற முறையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மாதம் ஒரு போட்டோ, ஒரே ஜன்னல் பக்கம் நின்று எடுக்கச் சொன்னேன். முதல் இரண்டு மாதம் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. "ஏல, நீ சும்மா இழுத்தடிக்க" என்று அவன் போனில் கத்தினான். நாலாம் மாதம் ஓரங்கள் மங்கத் தொடங்கின. ஆறு மாத முடிவில் எட்டுத் திட்டில் ஐந்து, தேடினால்தான் தெரிகிற அளவுக்குப் போய்விட்டன. மீதி மூன்றில் நடுப்பல் இரண்டுக்கும் ஒரே மத்தியானத்தில் அந்த ரெசின் முறையைச் செய்தார் என்னிடம் படித்த பெண் டாக்டர் ஒருவர். நான் நாற்காலி பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்றாவது கோரைப்பல் ஓரத்தில் இருக்கிறது. அதையும் செய்துவிடலாமா என்று கேட்டதற்கு, "அது இருக்கட்டும் தாத்தா, சிரிச்சா தெரியலை" என்று சொல்லிவிட்டாள்.